விற்றதாகச் சொன்ன சைக்கிள்

கண்ணா,

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது சைக்கிளை விற்றுவிட்டேன் என்று சொன்னேன். விற்கவில்லை. அது செங்கம் ரோட்டில், பாயின் சைக்கிள் கடைக்குள் சுவரோரம் நிற்கிறது. தை மாதத்திலிருந்து தினமும் காலையில் அந்தக் கடை வரை நடந்து போய், அதை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் ஆபீஸுக்குப் போகிறேன். சாயங்காலம் அங்கேயே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவள் போல வீட்டுக்கு நடந்து வருகிறேன். எதிர்வீட்டில் இருக்கும் உன் சிநேகிதன் வாயில் எதுவும் நிற்காது, அதனால்தான் இவ்வளவு நாடகம். இன்னொன்றும் உண்டு. ஆயுத பூஜை முடிந்த கையோடு என் மணிக்கட்டு உடைந்ததே, அப்போது நாய் குறுக்கே வந்தது என்றேன். நாய் எதுவும் வரவில்லை. அன்று அந்தப் பக்கத்தில் நாயே இல்லை. பாவம், இல்லாத ஒரு ஜீவன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஏழு மாதமாக நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "அம்மா, அம்மா, இரு" என்று குறுக்கே வந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான். பொருள், பார்வை என்று இரண்டு வரி போடாவிட்டால் எனக்குக் கடிதமே நகராது. பொருள்: மவுண்டன் பைக். பார்வை: போன ஞாயிற்றுக்கிழமை நித்யா எனக்குச் செய்த போன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை, ஆபீஸ் நாலு கிலோமீட்டர்தான். ஒரு மவுண்டன் பைக் வாங்கி அதுலயே போயிடலாம்னு பாத்தேன். அவரு வேணவே வேணாம்னுட்டார். எங்கம்மாவுக்கே நாய் குறுக்க வந்து கை ஒடஞ்சிடிச்சி, அவங்களே பயந்து வித்துட்டாங்க, உனக்கு இன்னா புதுசா ஆசைனு கேக்கறார். நெஜமாவே அவ்ளோ பயமா இருந்துச்சா அத்தை?" நான் "பாக்கலாம்மா" என்று ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் கோபத்திலிருந்து தப்பிக்க நான் சொன்ன பொய்யை நீ எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பெண்ணின் காலைக் கட்டிப்போட்டிருக்கிறாய். தப்பு உன்மேல் இல்லை. சரக்கு என்னுடையது.

ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். நம் மாடி அறையில் ஆறு மாதம் குடியிருந்தாரே அந்த வெளிநாட்டு அம்மாள், அவருக்கு அறுபத்திரண்டு வயது. காலையில் தியானம், பிறகு சைக்கிள். நான் ஷேர் ஆட்டோவுக்கு வெயிலில் நின்று கை காட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரையும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். கால்வாய்க்காக நம் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த நாட்களில்கூட அந்தத் தடித்த டயர் மணலிலும் ஜல்லியிலும் உருண்டு வந்துவிடும். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது. ஒரு நாள் "உங்களுக்கு ஓட்ட வேண்டுமா" என்று சைகையில் கேட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லாமல் இல்லை. உன் மாமாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, அவர் ஒன்பதாவது படிக்கும்போதே வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கும் கற்றுக்கொடு என்று கேட்டேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிளு, நீ தொடச்சி வையி போதும்" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய்த் துணியால் மட்கார்டையும் கைப்பிடியையும் ஸ்போக்கையும் துடைத்துப் பளபளவென்று வைப்பது என் வேலை. ஆறு வருடம் துடைத்தேன், ஒரு நாள்கூட ஏறி உட்காரவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கேயும் போய்விடவில்லை.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது உன் அப்பா. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனிதர், ரிட்டயர் ஆன சலிப்பில் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மாடி அம்மாளின் சைக்கிளை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கிக்கொண்டு, வேங்கிக்காலில் கல் நட்டு விற்காமல் கிடக்கும் மனைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போவோம். பின்னால் பிடித்துக்கொள்ள அதில் கேரியர் கிடையாது. சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடி வருவார். பிடியை விடும் நேரம் வந்ததும் பழக்க தோஷத்தில் "போலாம் ரைட்" என்பார். அந்த "ரைட்" காதில் விழுந்ததும் நேரே மனைக் கல்லில் போய் மோதுவேன். நான்கு ஞாயிறு இப்படிப் போயிற்று. ஐந்தாவது ஞாயிறு அவர் ரைட் சொன்னதே எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ரொம்பத் தூரத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறார். நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தைவிட அது ஒரு படி அதிகம் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தச் சைக்கிள் எனக்குப் பெரியது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் குழாயின் இரு பக்கமும் என்னால் தரையில் காலை ஊன்றி நிற்க முடியாது. எனக்கென்று ஒன்று வாங்க நினைத்து உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீதான் "கியர் இருக்கணும், டிஸ்க் பிரேக் இருக்கணும்மா" என்று உற்சாகமாகச் சொன்னாய், ஹெல்மெட்டும் அனுப்பி வைத்தாய். அந்த உற்சாகமான பையனைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். நான் போய் முதலில் கை வைத்தது ஒரு மயில் கலர் வண்டி மேல். பாய் விடவில்லை. "கலரு எப்ப வேணா மாத்திக்கலாம்மா. ஏறி நில்லுங்க. கொழாய்க்கும் உங்களுக்கும் நடுவுல நாலு விரல் எடம் இருக்குதா பாருங்க. அவசரத்துக்கு எறங்கி நிக்க முடியலன்னா அது உங்க வண்டி இல்ல" என்றார். ஐந்து வண்டியில் ஏறி இறங்கினேன். கடைசியில் பொருந்தியது ஒரு சாம்பல் கலர். நித்யாவுக்கு வாங்கும்போது இதைச் செய். உன் உயரத்தை வைத்துக்கொண்டு அவளுக்கு யோசிக்காதே, போனில் படம் பார்த்து ஆர்டர் போடாதே. அவளைக் கடைக்குக் கூட்டிப் போய் ஏறி நிற்கச் சொல். சீட்டில் உட்கார்ந்து பெடலை அடிவரை மிதித்தால் கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், முழுக்க விறைக்கக் கூடாது. முன்னால் தடித்த ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள் என்று மயங்காதே. மலிவு வண்டியில் அது வெறும் கனம். டிஸ்க் பிரேக் என்றால் தினசரி ஓட்டத்துக்குக் கம்பி இழுக்கும் வகையே போதும், எந்தக் கடையிலும் சரிசெய்துவிடுவார்கள்.

வாங்கிய புதிதில் அந்த வண்டி எனக்கு அரைகுறையாகத்தான் பட்டது. ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்லும் கிடையாது. சேறு முதுகுவரை தெறித்து ஆபீஸில் போய் நின்றபோது என் சீனியர் "இன்னாங்க, நாத்து நட்டுட்டு நேரா வரீங்களா?" என்றார். நீ போனில் முன்சக்கரத்தைத் தாங்க இன்னும் லேசான போர்க்கு, விலை கூடின கியர் என்று அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் பாயிடம் போய் மட்கார்டு, ஸ்டாண்டு, டிபன் கேரியரும் பையும் வைக்க ஒரு கேரியர், கொஞ்சம் அகலமான சீட்டு, பெல், முன்னும் பின்னும் லைட்டு என்று ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்றாகப் போட்டேன். மலை ஏறுகிற வண்டியைப் பால்காரர் வண்டி ஆக்கிவிட்டாய் என்று நீ சிரித்தாய். சிரித்துக்கொள். ஆனால் ஒன்றை மட்டும் நம்பு. டயரை மாற்றியதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். முரட்டுப் பட்டன் வைத்த டயர் தார் ரோட்டில் ஹோவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஆளைப் பின்னால் இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே அகலத்தில் வழவழப்பான டயர் போட்ட அன்று, வேங்கிக்கால் போய்ச் சேர எனக்குப் பத்து நிமிடம் கம்மியாக ஆனது. நித்யா வாங்கினால் முதலில் செலவு செய்ய வேண்டியது அதற்குத்தான்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஆபீஸில் ஜீப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வண்டிக்குப் பூஜை போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஓட்டுகிற ஒரு வண்டிக்கு நானே பூஜை போடுகிறேன். எப்படிச் செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? கழுவி, துடைத்து, ஆறு வருடப் பழக்கம் கையில் இருக்கிறதே, தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து வண்டி முழுக்க ஒரு இழுப்பு இழுத்தேன். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் வட்டமாக ஒரு தகடு இருக்கிறது, டிஸ்க். அது மங்கலாக இருந்தது. அதையும் இரண்டு பக்கமும் தேய்த்துப் பளபளப்பாக்கி, மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் வைத்தேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரியும் கடலையும் அக்கம்பக்கம் கொடுத்தேன். உன் அப்பா போட்டோ எடுத்தார், உனக்கும் அனுப்பினார். பெரிதாக்கிப் பார், டிஸ்க்கில் பொட்டு தெரியும். லீவு முடிந்து திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கிளம்பினேன். வேலூர் ரோட்டில் சின்ன இறக்கம் ஒன்றில் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். பிடி முழுக்க உள்ளே வந்தது, வண்டி நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். அப்போதும் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நீ பெங்களூரிலிருந்து ஓடி வந்து, கட்டுப் போட்ட என் கையைப் பார்த்து அழுதாய். எப்படி ஆச்சு என்று கேட்டாய். எண்ணெய் தடவினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன ஆனது என்று அப்போது எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது. புரிந்த அந்தப் பாதியே மானத்தை வாங்கியது. ஆபீஸே கைதட்டி வாழ்த்திய சைக்கிள்காரி, பிரேக்குக்கு எண்ணெய் போட்டு விழுந்தாள் என்றால் எத்தனை பேர் சிரிப்பார்கள். நாய் என்றேன். நாய் என்றதும் நீ உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாய். "ரோடு சரியில்ல, உனக்கும் வயசாச்சு, இனிமே ஏறவே கூடாது. வித்துடு." நாயையும் ரோட்டையும் வயதையும் யாரால் சரிசெய்ய முடியும்? என் பொய்யே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. உண்மையைச் சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். எண்ணெய் தடவினால் பிரேக் பிடிக்காது, தடவாவிட்டால் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். அதில் என் வயதுக்கு வேலையே இல்லை.

வண்டியைப் பாயிடம் தூக்கிப் போனது உன் அப்பா. பாய் பிரேக்குக்குள் இருக்கும் சின்னக் கட்டைகளைக் கழற்றி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்திருக்கிறார். "சார், தேங்கா எண்ணெ வாசன வருதே. இன்னா தாளிச்சீங்களா?" என்றாராம். மார்கழியில் கட்டுப் பிரித்த பிறகு நானே கடைக்குப் போனேன். அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு வருசமும் பூஜ முடிஞ்சா இப்டி நாலு வண்டி வருதும்மா. எண்ணெ பட்டா பிரேக் பேடு உறிஞ்சிக்கும், அப்புறம் மாத்தத்தான் வேணும். டிஸ்க்க ஸ்பிரிட்டு போட்டு தொடச்சிட்டேன். பொட்டு வெக்கணும்னா ஹேண்டில்பாருக்கு வெயுங்க" என்றார். ஒவ்வொரு வருடமும் நாலு வண்டி. இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. நான் ஒருத்தி மட்டும் முட்டாள் இல்லை என்ற ஆறுதல் அழுகை. அன்றைக்கே அவரிடம் வண்டியை இங்கேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சாருக்குத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். உனக்குத்தான் தெரியாது. நீ வீடியோ கால் செய்தபோதெல்லாம் ஏதாவது ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே "வாக்கிங்டா" என்றேனே, அதெல்லாம் இதுதான்.

அந்த நாள் முதல் அந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் எனக்குத் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவல ஜனம் ரோட்டை நிறைத்துவிடும், வண்டி ஓட்ட வழி இருக்காது. அதனால் பௌர்ணமி அன்று பாய் கடைப் படியில் உட்கார்ந்து பழுது பார்ப்பது என் வழக்கம். டிஸ்க்குக்கு ஸ்பிரிட்டு, தனித் துணி, வேறு எந்தத் துணியும் அதில் படக் கூடாது. செயினை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னால் சுற்றி ஊறவிட்டு, மேலே நிற்கிற எண்ணெயை மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஜாஸ்தி இருந்தால் புழுதியைப் பிடித்துக்கொண்டு செயின் பல்லைத் தின்றுவிடும். மழையில் நனைந்தால் பௌர்ணமி வரை காத்திருக்காதே, அன்றைக்கே செய். காற்று வாரம் ஒரு முறை. ஏற்றம் வரும் முன்பே கியரைக் குறைத்துவிடு, அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றாதே. பிரேக் கம்பி தளர்ந்தால் பிடியிலேயே ஒரு திருகு இருக்கிறது, விரலாலேயே முறுக்கலாம். இதிலெல்லாம் வாழ்க்கைத் தத்துவம் தேடாதே, செயின் செயின்தான். நித்யாவுக்கு இதை நீ கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். நான் போனிலேயே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன்.

நித்யா போன் செய்த பிறகு உடனே உனக்கு எழுதப் பேனா எடுத்தேன். எழுத முடியவில்லை. ஒரு தடவை உடைந்த கையை வைத்துக்கொண்டு நான் ஆபீஸுக்குப் போய் வருகிறேன், சரி. அதற்கு மேல் அது எதைத் தாங்கும் என்று எனக்கே தெரியாது. தெரியாமல் உன்னிடம் எப்படி வாதாடுவது? குலதெய்வத்துக்கு வைத்த பிறகு கல்யாணத்தின் முதல் பத்திரிகை உன் தாய்மாமனுக்கு. உன் அப்பாவும் நானும் சேர்ந்து போய் வைக்க வேண்டும். முந்தாநாள் போவதாக இருந்தது. "நீங்க தட்டு, பழமெல்லாம் எடுத்துனு பஸ்ல வாங்க. நான் சைக்கிள்ல வரேன்" என்றேன். கீழ்பென்னாத்தூர் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அவர் "எத்தினி மணிக்கு எடுக்கற?" என்று டிப்போவில் கேட்பதுபோல் கேட்டார். ஐந்தரை என்றேன். "தண்ணி ரெண்டு பாட்டில் வெச்சிக்கோ" என்றார்.

ஊரைத் தாண்டும்போது மேம்பாலம். ஏற்றம் எனக்குப் பயம் இல்லை, சின்னக் கியரில் போட்டு நின்று நிதானித்து ஏறிவிட்டேன். உச்சிக்கு வந்து இறக்கத்தைப் பார்த்ததும் கால் பெடலிலிருந்து தானாக இறங்கியது. அத்தனை மாதத்தில் நான் இறங்கிய பெரிய இறக்கம் அதுதான். ஆபீஸ் வழியில் அந்தச் சின்ன இறக்கத்தில்கூட நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரமாக நின்றேன். லாரிக்காரர் ஒருவர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு மனது சொன்னது. திரும்பிப் போனால் நித்யாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்தேன். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பிரேக்கையும் இரண்டிரண்டு விரலால் விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிடித்த இடத்தில் பிடித்தது, விட்ட இடத்தில் ஓடியது. நடுவில் வேண்டுமென்றே ஒரு முறை முழுக்க நிறுத்திப் பார்த்தேன். நின்றது, கண்ணா. அந்த இறக்கத்தின் அடியில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனதை ரோட்டில் போனவர்கள் பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு வெறும் ரோடுதான். சோமாசிபாடியில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்கார அம்மாள் "எங்கருந்துமா வரீங்க?" என்றார். திருவண்ணாமலை என்றேன். "ஏன், பஸ் இல்லியா?" என்றார். "இருக்குதே" என்றேன். அவர் டீக்குக் காசு வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு பக்கமும் கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட்டேன். மாமா வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு "வா" என்றவர், தெருவை எட்டிப் பார்த்தார். "மச்சான் எங்க? பஸ்ஸு இன்னா ஆச்சு?" என்றார். "அவரு பஸ்ல வராரு. நான் இதுலதான் வந்தேண்ணா" என்றேன். "அங்கருந்தா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கியரு எத்தினி?" என்றார். இருபத்தொன்று என்றேன். உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ, பத்திரிகை வைக்கிற நாளில் இப்படி வந்து அவரைக் குறைத்துவிட்டேனோ என்று எனக்குத் திக்கென்றது. ஒரு துணியோடு திரும்பி வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் வண்டியின் மட்கார்டில் படிந்திருந்த புழுதியைத் துடைக்க ஆரம்பித்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், முட்டிவலிக்காரர். துணி சக்கரத்தின் நடுப்பக்கம் போனபோதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "அண்ணா, அந்தத் தகட்டத் தொடாத" என்றேன்.

உன் அப்பா தட்டோடு வந்து சேர்ந்தார். ஊருக்குள் நுழையும்போது அவர் பஸ் என் பின்னால்தான் வந்ததாம். "பஸ்ஸு முழுக்க உன்னியதான் பாத்துனு வந்தாங்க. என் பொண்டாட்டிதான்னு சொன்னேன்" என்றார். முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர், பஸ்ஸில் யாரிடமும் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று பத்திரிகை வைத்தோம். சாப்பிட்டு, வெயில் இறங்கியதும் கிளம்பினேன். பஸ் மேலே போட்டுக்கொண்டு போ என்றார் மாமா. ஓட்டிக்கொண்டே வந்தேன். கை வலித்ததா என்று கேட்பாய். வலித்தது. மறுநாள் காலையில் சரியாகிவிட்டது.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். பொய் சொன்னதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஏன் பொய் சொன்னேன் என்பதை நீ ஒரு முறை யோசிக்க வேண்டும். நான் உனக்குப் பயந்தேன். முதலில் என் அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு, பிறகு நான் பெற்ற பிள்ளைக்கு. நீ என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அவர்களும் பாசத்தில்தான் சொன்னார்கள். நித்யா உன்னிடம் கேட்டிருக்கிறாள். கேட்கிற வரைக்கும்தான் உனக்குத் தெரியும், பயந்துவிட்டாள் என்றால் கேட்பதை நிறுத்திவிடுவாள். அப்புறம் அவள் எங்கே போகிறாள், எதை எங்கே வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. அப்படி ஒரு வீட்டுக்காரனாக நீ ஆகிவிடாதே. அவளோடு கடைக்குப் போ, பக்கத்தில் நின்றுகொள், அவள் ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

என் சைக்கிள் விஷயமாக உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், தகவலுக்காக மட்டும். வெள்ளிக்கிழமை ஜவுளி எடுக்க வருகிறாய். ராத்திரி பஸ்ஸில் வந்தால் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாய். இத்தனை வருடமும் நீ எத்தனை மணிக்கு வந்தாலும் நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை நிற்க மாட்டேன். அந்த நேரத்தில் சைக்கிளில் மலையைச் சுற்றிக்கொண்டிருப்பேன், ஏழரைக்குத்தான் வருவேன். அப்பா காபி போட்டுக் கொடுப்பார், குடித்துவிட்டு இரு.

அம்மா